ஜெயிக்க ஜெயிக்க வீடு தள்ளிப் போகிறது: அயர்லாந்து கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆபட்ஸ்டவுனில் இருக்கும் சங்கத்துப் பெரியவர்களுக்கு,

வணக்கம். நான் டன்டாக் ஊர்க்காரன், எங்கள் ஊர்க் கிளப்பான டன்டாக்கின் ரசிகன். உங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி ரெஃப்ரியைத் திட்டியும் மீதி டிக்கெட் கேட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இது இரண்டும் இல்லை. இது ஒரு பஸ்ஸைப் பற்றியது.

2016 செப்டம்பர் 29, வியாழக்கிழமை. ஐரோப்பா லீக் குரூப் ஸ்டேஜில் மக்காபி டெல் அவிவுடன் எங்களுக்கு ஹோம் மேட்ச். எங்கள் கிளப்பின் மைதானமான ஓரியல் பார்க் என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. ஆனால் அன்றைக்கு நான் அரை நாள் லீவு போட்டு, ஓரியலுக்கு எதிர்த் திசையில் நடந்து போய், ஒரு தனியார் பஸ்ஸில் ஏறி, நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில், டப்ளினின் அந்தக் கோடியில் இருக்கும் டாலா ஸ்டேடியத்துக்குப் போனேன். எங்களுடைய ஹோம் மேட்ச் அங்கேதான். அந்த ஸ்டேடியத்தில் வழக்கமாக ஆடுகிற கிளப் ஷாம்ராக் ரோவர்ஸ், அதாவது லீக்கில் நாங்கள் வருஷம் முழுக்கத் திட்டித் தீர்க்கும் கிளப். மாமியார் வீட்டுக் கல்யாண மண்டபத்தில் நம் வீட்டு விசேஷத்தை வைத்த மாதிரி இருந்தது.

பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெரியவர். மடியில் ஃபிளாஸ்க், அலுமினியத் தாளில் சுற்றிய சாண்ட்விச், முழங்காலில் வலிக்குக் கட்டிய பட்டை. வண்டி எம்50 சாலையில் ஐந்து மணி நெரிசலில் மாட்டிக்கொண்டு ஊர்ந்தபோது அவர் 1979 கதையைச் சொன்னார். ஐரோப்பியக் கோப்பை, இரண்டாவது சுற்று. கிளாஸ்கோவில் செல்டிக்கிடம் 3-2 என்று தோற்றிருந்தோம், ஆனால் இரண்டு அவே கோல் கையில் இருந்தது (மொத்தக் கணக்கு சமமானால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் போட்டவர்களுக்குத்தான் வெற்றி), அதனால் ஓரியலில் ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் போதும், அடுத்த சுற்று. போடவில்லை, 0-0. "அன்னைக்கு வீட்டுல டீ குடிச்சிட்டு, கப்பைக் கழுவி வச்சிட்டு, நடந்து போனேன். முடிஞ்சதும் நடந்தே வந்து படுத்துட்டேன், ஆனா தூக்கம் வரல" என்றார். ஐரோப்பாவோடு ஆடுவது என்றால் அவருக்கு அவ்வளவுதான், கப்பைக் கழுவி வைத்துவிட்டுப் போய் வருகிற தூரம்.

அன்று ராத்திரி என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். 72ஆவது நிமிஷம் கியரன் கில்டஃப் கோல் போட்டார், 1-0. ஐரோப்பியக் குரூப் ஸ்டேஜில் ஓர் அயர்லாந்து கிளப் ஜெயித்த முதல் மேட்ச். அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஆல்க்மாரில் ஏஇசட்டுக்கு எதிராக 89ஆவது நிமிஷத்தில் டிராவாக்கியவரும் அவர்தான், அதுதான் நம் கிளப்புகளுக்குக் கிடைத்த முதல் புள்ளி. நான் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். பெரியவர் அழவில்லை, தன் ஃபிளாஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்தார், யாரோ கொண்டாட்டத்தில் உதைத்துவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்ததை. பஸ் ஊருக்குள் வந்தது. கேரிக் ரோட்டில் ஓரியல் பார்க்கைத் தாண்டிப் போனோம். ஒரு விளக்குகூட இல்லை. கேட்டில் பூட்டு. நாங்கள் வழக்கமாக நின்று கத்தும் ஸ்டாண்டுக்குப் பேரே ஷெட், அது அந்த இருட்டில் நிஜமாகவே மாட்டுக் கொட்டகை மாதிரி நின்றது. ஊரின் வரலாற்றிலேயே பெரிய ராத்திரிகளில் ஒன்று, அந்த ஊரின் மைதானம் தூங்கிக்கொண்டிருந்தது. "எதுக்குப் பூட்டி வச்சிருக்காங்க, உள்ள திருட என்ன இருக்கு?" என்றார் பெரியவர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அந்தக் கேள்வி இத்தனை வருஷமாக என்னை விடவில்லை.

காரணம் தெரியாமல் நான் பேசவில்லை. ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஃபாவுக்கு விதி உண்டு. பெஞ்சு செல்லாது, தனித்தனி நாற்காலி வேண்டும். விளக்கு வெளிச்சத்துக்கு அளவு உண்டு, கேமராவுக்கு இடம், பத்திரிகைக்காரர்களுக்கு மேஜை, ஊக்கமருந்துச் சோதனைக்கு அறை. தகுதிச் சுற்றுகளில் மேலே போகப் போக இந்தப் பட்டியலும் நீளும். அதனால்தான் நம் கிளப்புகளுக்கு மட்டும் ஒரு விசித்திரமான தண்டனை: தோற்றால் சொந்த ஊரிலேயே தோற்கலாம், ஜெயிக்க ஜெயிக்க வீடு தள்ளிப் போகும். எங்களையே பாருங்கள். அந்த 2016 ஆகஸ்டில் பாட்டே பரிசோவை 3-0 என்று அடித்தோமே, மெக்மிலன் இரண்டு, பென்சன் ஒன்று, அது டாலாவில். அதற்கடுத்து லெகியா வார்சாவுடன் டப்ளினின் பெரிய ஸ்டேடியமான அவீவாவில். 30 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள், அருமையான கூட்டம்தான், ஆனால் அதில் பெரும்பாலானவர்களுக்கு ஓரியல் எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாது. 0-2. ஷெட்டில் நின்று கத்தினால் எதிரணி கோல்கீப்பருக்கு நம் ஒவ்வொருவரின் குரலும் தனித்தனியாகக் கேட்கும், அவீவாவில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை.

2023இல் டெரி சிட்டிக்கும் இதே கதை. முதல் இரண்டு சுற்றில் ஹோம் மேட்சைத் தங்கள் மைதானமான பிராண்டிவெல்லில் ஆடி ஜெயித்தார்கள், மூன்றாவது சுற்றில் கஜகஸ்தானின் டோபோல், உடனே டாலா. டெரியிலிருந்து டாலாவுக்குத் தீவின் குறுக்கே வர வேண்டும். பெனால்டியில் தோற்று, அந்த ராத்திரியில் மறுபடி அத்தனை தூரம் பஸ்ஸில் திரும்பிப் போனவர்களை நினைத்தால் எனக்கு வயிறு பிசையும். பிராண்டிவெல்லில் ஆடியிருந்தால் ஜெயித்திருப்பார்களா என்றால் யார் கண்டது. ஆனால் அதே பிராண்டிவெல்லில்தான் 2006இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் வந்து கோல் போட முடியாமல் 0-0 என்று திரும்பிப் போனது.

இது உங்கள் காலத்தில் தொடங்கிய வியாதி இல்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். 1968இல் வாட்டர்ஃபர்ட், மான்செஸ்டர் யுனைடெட்டை வரவேற்றது தன் ஊரில் இல்லை, டப்ளின் லான்ஸ்டவுன் ரோட்டில். 1980இல் லிமரிக் ரியல் மாட்ரிட்டோடு மோதியதும் அங்கேதான். கூட்டம் வரும், காசு வரும் என்ற கணக்கு. அந்தப் பிரம்மாண்டமான ரக்பி மைதானத்துக்கு வந்தது ஆறாயிரம் பேருக்குக் கொஞ்சம் மேல். டெஸ் கென்னடி முதல் கோலைப் போட்டு ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக லிமரிக் முன்னிலை வகித்தது என்பதை இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா? 1-2 என்று தோற்றார்கள், சரி. ஆனால் அந்தக் கோலை லிமரிக்கில், லிமரிக்காரர்கள் நெருக்கியடித்து நின்று பார்த்திருக்க வேண்டும். இருநூறு கிலோமீட்டர் தள்ளி, காலி இருக்கைகளுக்கு முன்னால் விழுந்த கோல் அது. மாட்ரிட்டில் 5-1 என்று வாங்கியதிலும் நம் பக்கம் ஒன்று போட்டது அதே கென்னடிதான்.

கார்க் சிட்டி 1991இல் பேயர்ன் மியூனிக்கை 1-1 என்று நிறுத்தியது மஸ்கிரேவ் பார்க்கில், அதுவும் ரக்பி மைதானம். ட்ரோஹெடா 2008இல் டைனமோ கீவை ஒரு உலுக்கு உலுக்கியது, ஹோம் லெக் ஆடியது டப்ளினின் டாலிமவுண்டில். இதற்கெல்லாம் சிகரம் 1998. ஷெல்போர்னுக்கு யூஃபா கோப்பையில் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் வாய்த்தது, பாதுகாப்புப் பிரச்சினை என்று ஷெல்போர்னின் 'ஹோம்' மேட்சைக் கடல் தாண்டி இங்கிலாந்தில், டிரான்மியரின் பிரென்டன் பார்க்கில் வைத்தார்கள். 3-0 என்று முன்னிலையில் இருந்தது ஷெல்போர்ன். மூன்று! கடைசியில் 3-5. ஷெல்போர்னின் சொந்த மைதானமான டோல்கா பார்க்கில், நம் ஜனம் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்க, 3-0இல் இருந்த ஓர் அணி அப்படிச் சரிந்திருக்குமா என்று ஷெல்போர்ன் ரசிகர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்காது, ஆனால் இந்தக் கேள்வியில் அவர்கள் பக்கம்தான்.

சொந்த மண்ணில் ஆடினால் எல்லாம் ஜெயித்துவிடுவோம் என்று நான் பூச்சுற்றவில்லை. 1957இல் மான்செஸ்டர் யுனைடெட் டப்ளினுக்கே வந்து, டாலிமவுண்டில் ரோவர்ஸை 6-0 என்று துவைத்துக் காயப்போட்டது, அதில் இரண்டு கோல் போட்ட லியம் வீலன் பக்கத்துக் காப்ராவைச் சேர்ந்த பையன். ஆனால் 1975இல் அத்லோன் டவுனின் செயின்ட் மெல்ஸ் பார்க்குக்கு ஏசி மிலான் வந்ததே, ஷானன் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊருக்கு, 0-0 என்று முடிந்ததே. ஜான் மின்னக் அடித்த பெனால்டியை ஆல்பர்டோசி பிடிக்காமல் விட்டிருந்தால் மிலானையே தோற்கடித்திருப்போம். சான் சீரோவில் 3-0 என்று தோற்றதை யாரும் பேசுவதில்லை. ஊரே பார்த்த அந்த பெனால்டியைத்தான் இன்னும் பேசுகிறார்கள். சொந்த ஊரில் நடந்தது ஊரின் ஞாபகத்தில் தங்குகிறது. வேறு எங்கோ நடந்தது புள்ளிவிவரமாகப் போய்விடுகிறது.

சரி, மைதானம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளிநாடு போய் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. நான் வாயாரத் திட்டும் ரோவர்ஸையே பாருங்கள். 1987இல் மில்டவுன் மைதானத்தை அப்போதைய முதலாளிகள் விற்றுவிட்டார்கள். அதற்கப்புறம் 22 வருஷம் அந்தக் கிளப் டப்ளினுக்குள் வாடகை வீடு தேடும் குடும்பம் மாதிரி அலைந்தது. டாலாவில் கட்ட ஆரம்பித்து, காசில்லாமல் பாதியில் நின்று, கோர்ட் வரை போய், கடைசியில் தெற்கு டப்ளின் கவுன்டி கவுன்சில் கையில் எடுத்து முடித்தது. 2009இல் ரோவர்ஸ் குடிபுகுந்தார்கள். 2010இல் அங்கே யுவெண்டஸ் வந்தது. 2011இல் பெல்கிரேடில் பார்டிசானை அதன் வாசலிலேயே எக்ஸ்ட்ரா டைமில் கவிழ்த்து, ஐரோப்பியக் குரூப் ஸ்டேஜுக்குப் போன முதல் அயர்லாந்து கிளப் ஆனார்கள். பாட் சல்லிவன் காற்றிலேயே அடித்த அந்தக் கோல், அப்புறம் ஸ்டீஃபன் ஓடானலின் பெனால்டி. (அதே ஓடானல்தான் 2016இல் எங்கள் கேப்டன். இதை ரோவர்ஸ் நண்பர்களிடம் அடிக்கடி ஞாபகப்படுத்துவேன்.) குரூப்பில் ஆறு மேட்சும் தோற்றார்கள். ஆனால் 2022இல் மறுபடி போனார்கள், இரண்டு புள்ளி எடுத்தார்கள். 2024-25இல் யூஃபாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கில் மூன்று வெற்றி, இரண்டு டிரா, 11 புள்ளி, செல்சியிடம் மட்டும் தோல்வி. பிப்ரவரியில் நாக் அவுட், மோல்டேவுக்குப் போய் 16 வயசுப் பையன் மைக்கேல் நூனன் போட்ட கோலில் ஜெயித்து, டாலாவில் 0-1 என்று தோற்று, பெனால்டியில் வெளியேறினார்கள். அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து நான் ரோவர்ஸுக்காக நகம் கடித்தேன் என்பதை இந்தக் கடிதத்தில்தான் முதல் தடவை வெளியில் சொல்கிறேன், ஊரில் யாருக்கும் காட்ட வேண்டாம்.

அந்த வெற்றிக்குப் பயிற்சியாளர், முதலீடு, அகாடமி என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் கவுன்சில் கட்டிய ஒரு வீடு அடியில் இருக்கிறது. 2024இல் நான்காவது ஸ்டாண்டும் வந்து, இப்போது பத்தாயிரம் பேர் உட்காரலாம். 2025இல் சரித்திரத்திலேயே முதல் தடவையாக இரண்டு அயர்லாந்து கிளப்புகள் ஒரே வருஷம் லீக் சுற்றுக்குள் (பழைய குரூப் ஸ்டேஜுக்குப் பதிலாக வந்தது) நுழைந்தன, ரோவர்ஸும் ஷெல்போர்னும். பெருமைதான். ஆனால் ஷெல்போர்ன் லின்ஃபீல்டை டோல்காவில் 3-1 என்று அடித்து உள்ளே போன கையோடு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாலாவுக்குக் கிளம்ப வேண்டி வந்தது. கிரிஸ்டல் பேலஸ் வந்ததும் அங்கேதான். நாட்டுக்கு இரண்டு அணி, இரண்டுக்கும் ஒரே மைதானம். மூன்றாவது ஒன்று நுழைந்தால் ஷிஃப்ட் போட்டு ஆட வேண்டியதுதான்.

பணம் இல்லை என்பீர்கள். பணக்கதையும் கொஞ்சம் பேசலாம். கான்ஃபரன்ஸ் லீக் சுற்றுக்குள் காலடி வைத்தாலே யூஃபா ஒரு கிளப்புக்குத் தருவது 31 லட்சத்து 70 ஆயிரம் யூரோ, ஒரு வெற்றிக்கு 4 லட்சம். நம் லீக்கை ஜெயித்தால் கிடைக்கும் பரிசுத்தொகை இதற்கு முன்னால் டீச் செலவு. அரசு 2024இல் குதிரைப் பந்தயத்துக்கும் நாய்ப் பந்தயத்துக்கும் ஒதுக்கியது 9 கோடியே 50 லட்சம் யூரோ, அதில் நாய்களுக்கு மட்டும் 1 கோடியே 90 லட்சம். நாய்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவை பாவம் ஓடுகின்றன. ஆனால் அமைச்சர்கள் முன்னால் நீங்கள் உட்காரும்போது இந்த எண்ணைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். 2023இல் நீங்களே ஒரு திட்டம் போட்டீர்கள், 15 வருஷத்தில் நாட்டின் கால்பந்து வசதிகளுக்கு 86 கோடியே 30 லட்சம் யூரோ வேண்டும் என்று. நல்ல திட்டம், நானும் படித்தேன். ஆனால் அதைச் சொல்கிற வாய்க்கு மரியாதை குறைவாக இருப்பதற்குக் காரணம் நாங்கள் இல்லை. அவீவாவின் பாதிப் பங்குக்காகக் கழுத்து வரை கடன் வாங்கி, 2020 தொடக்கத்தில் அரசு வந்து தூக்கிவிட வேண்டிய நிலைக்குப் போனது உங்கள் வீட்டுக் கதை. உங்கள் நாற்காலியில் இருந்த ஒருவர் இந்த லீக்கை அடங்காத பிள்ளை என்ற பொருளில் பொதுவில் பேசியதும் எங்களுக்கு மறக்கவில்லை. அந்தப் பிள்ளைதான் இப்போது ஐரோப்பாவிலிருந்து சம்பாதித்துக்கொண்டு வருகிறது.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு, மறைக்க மாட்டேன். 2016இல் டன்டாக்குக்குப் பணம் வந்தது. 2020இல் மறுபடி குரூப் ஸ்டேஜ், ஆர்சனல், மோல்டே, ராபிட் வியன்னா, ஆறும் தோல்வி, கோவிட் காலம் என்பதால் பார்க்கவும் ஆளில்லை, ஆனால் பணம் வந்தது. ஓரியலில் என்ன மாறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலாளிகள் மாறினார்கள், பயிற்சியாளர்கள் மாறினார்கள், 2024இல் கிளப்பையே இழுத்து மூடிவிடுவார்களோ என்று ஊர் பதறியது, அந்த வருஷமே கீழ் டிவிஷனுக்கும் இறங்கினோம். முதலாளிக்கு ஸ்டாண்டை விட ஸ்ட்ரைக்கர் கவர்ச்சி. ஸ்ட்ரைக்கர் அடுத்த வாரமே கோல் போடுவான், ஸ்டாண்ட் பத்து வருஷம் கழித்துத்தான் பலன் தரும். அதனால்தான் இதைக் கிளப்பிடம் விடாதீர்கள் என்று உங்களிடம் கேட்கிறேன்.

2003இல் இந்த லீக் தன் பருவத்தையே குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாற்றியது. ஜூலை மாசத் தகுதிச் சுற்றில் நம் ஆட்கள் கால் சூடாக இருக்கும்போது இறங்கட்டும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமான ஒன்று. அது பலித்தது, அடுத்த வருஷமே ஷெல்போர்ன் ஹைடுக் ஸ்பிலிட்டை வெளியே தள்ளி, லான்ஸ்டவுனில் டெபோர்ட்டிவோவை 0-0 என்று நிறுத்தியது. நாள்காட்டியையே திருப்பிப் போட முடிந்த நாட்டுக்கு நாலு ஸ்டாண்ட் கட்டுவது முடியாத காரியமா? டாலிமவுண்டை டப்ளின் மாநகராட்சி வாங்கியது 2015இல். புது மைதானத்துக்கு எத்தனை வரைபடம், எத்தனை அறிவிப்பு. அங்கே ஆடும் பொஹீமியன்ஸ் கிளப்பின் ரசிகர்கள் ஒவ்வொரு முறையும் அந்தப் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு அலுத்துவிட்டார்கள்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. பிரீமியர் டிவிஷனில் ஒவ்வொரு மைதானத்துக்கும், யூஃபாவின் கடைசித் தகுதிச் சுற்று வரைக்கும் அங்கேயே ஆட என்ன குறைகிறது, எத்தனை நாற்காலி, எத்தனை விளக்கு, எவ்வளவு ரூபாய் (யூரோதான், பழக்க தோஷம்) என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். இப்போது ஒவ்வொரு கோடையிலும் குலுக்கல் முடிந்த அப்புறம்தான் 'இந்த மைதானம் செல்லாது' என்று எங்களுக்கே தெரிய வருகிறது. குறை என்ன என்று ஊருக்குத் தெரிந்தால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்கவாவது எங்களால் முடியும். டாலாவில் செய்த மாதிரி கவுன்சிலே கட்டி, கவுன்சிலே வைத்துக்கொண்டு, கிளப்புக்கு வாடகைக்கு விடட்டும், அப்போது எந்த முதலாளியும் மில்டவுனை விற்ற மாதிரி விற்கவும் முடியாது. அதுவரைக்கும், ஒரு கிளப்பை ஊரை விட்டு வெளியே ஆட அனுப்பினால், சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களின் பஸ் செலவை அந்த யூஃபா பணத்திலிருந்து கொடுக்கச் சொல்லி லைசென்ஸ் விதியில் ஒரு வரி சேருங்கள். ஒரே ஒரு வரி.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், 2025இல் நாங்கள் கீழ் டிவிஷனை ஜெயித்து மேலே வந்துவிட்டோம். மேலே கூட்டி வந்த பயிற்சியாளர் யார் தெரியுமா, கியரன் கில்டஃப். அதே கில்டஃப்தான். மறுபடி ஐரோப்பாவுக்குப் போக எங்களுக்கு இரண்டு வருஷம் ஆகலாம், ஐந்து ஆகலாம், ஆனால் இந்த ஊருக்கு அந்த ருசி தெரியும், போகாமல் விட மாட்டார்கள். போன மாசம் அந்தப் பெரியவரை ஷெட் பக்கம் பார்த்தேன், முழங்காலில் ஆபரேஷன் முடிந்துவிட்டதாம், நடக்கிறார், ஆனால் பஸ்ஸில் மூன்று மணி நேரம் காலை மடக்கி உட்கார டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டாராம். ஓரியல் அவர் வீட்டிலிருந்தும் நடக்கிற தூரம்தான்.

பதில் போடுவதாக இருந்தால் இதை மட்டும் சொல்லுங்கள்: அவருக்கு நான் பஸ்ஸில் சீட் போட்டு வைக்க வேண்டுமா, வேண்டாமா?

இப்படிக்கு,
ஷெட்டில் இடது கோடியில் நிற்கும் ஒரு டன்டாக் ரசிகன்